பங்க்கில் பேசாதவர்கள்

கூடலூர் பங்க்கில் எனக்கு முன்னால் எப்போதும் கேரளக் கார்கள் நிற்கும். மலையேறிக் குமுளியைத் தாண்டினால் அவர்கள் மாநில வரி. பெட்ரோல் விலை கூடிவிடும். அதனால் இங்கேயே டேங்கை நிரப்பிக்கொண்டு போவார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் கேனோடு நிற்பேன். சாரல் விழுந்தால் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அன்றைக்கே என் தோட்டத்துத் திராட்சைக்கு மருந்து அடித்தாக வேண்டும். அடிக்கிற மெஷினுக்குப் பெட்ரோல் வேண்டும்.

குவைத்தில் வேலை பார்க்கும் மச்சானிடம் ஒருநாள் போனில் புலம்பினேன்.

"இங்கன பெட்ரோலு ஒரு செலவே இல்ல மாப்ள. எண்ணெய் இவுக மண்ணுலயே கெடக்கு, எடுக்கவும் செலவு கம்மி. நம்மூர்ல வெளிய வாங்கி, டெல்லிக்கு ஒரு வரி, சென்னைக்கு ஒரு வரின்னு போட்டுல்ல விக்கிறாக" என்றார்.

நன்றாக விளங்கியது. விளங்கி என்ன செய்ய? பங்க்கில் போய்க் குவைத் விலைக்கு ஊற்று என்றா கேட்க முடியும்?

போன வாரம் கேனை நிரப்பிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினேன். ரோட்டோரம் நான் பழம் விற்கும் இடத்தில், அன்று பங்க்கில் எனக்கு முன்னால் நின்ற கேரளக் கார் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தது. இறங்கியவர் திராட்சை விலையைக் கேட்டார்.

"கொஞ்சம் கொறைக்கணும் அண்ணாச்சி."

"மருந்து, பெட்ரோலு எல்லாம் ஏறிப்போச்சு சேட்டா."

"எனக்கும் பெட்ரோல் ஏறிப்போச்சே" என்றார்.

எரிச்சலாக வந்தது. சற்று முன்புதான் பங்க்கில் மீட்டர் ஓடுவதை இருவரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றோம். விலையைக் குறைக்கச் சொல்லி அவரால் கேட்க முடிந்த ஆள் அந்த ரோட்டில் நான் ஒருவன்தான்.

குறைத்துக் கொடுத்தேன்.