கீரி வீடு மாறிய காலை

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவுக்குக் குடிவந்த வருடம், மழையில் பைக் சறுக்கி வலது காலை முறித்துக்கொண்டேன். மனைவி காலையிலேயே அலுவலக பஸ் பிடித்துப் போய்விடுவாள். நான் முதல் மாடி பால்கனியில், மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வீடு கட்டாத ஒரு காலி சைட். அஸ்திவாரத்துக்கென்று யாரோ எப்போதோ இறக்கிய சைஸ் கற்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. மேலே புல்லும் உண்ணிச்செடியும் மண்டியிருந்தன. அந்தக் குவியலுக்குள்தான் கீரி குடியிருந்தது.

முதலில் பெருச்சாளி என்றுதான் நினைத்தேன். வெயிலுக்கு வந்தபோதுதான் உப்பும் மிளகும் கலந்தாற்போன்ற அந்த ரோமமும், உடம்பளவுக்கு நீண்ட வாலும் தெரிந்தன. கல் சூடேறியதும் வெளியே வரும். கிளம்புமுன் குறிப்பிட்ட ஒரு கல்லில் பின்பக்கத்தைத் தேய்த்துத் தன் வாசனையை விட்டுப்போகும். எலி, ஓணான், தேள், எதுவும் அதற்கு வேண்டாததில்லை. உச்சிவெயிலில் உள்ளே போய்ப் படுத்துவிட்டு, சாயங்காலம் இன்னொரு சுற்று. என்னைவிட ஒழுங்காக வேலை பார்த்தது.

கீழ்வீட்டு ஆன்ட்டிதான் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அவரிடம் சொன்னதும் முகம் மாறியது.

"முங்குசியா? கீரி இருந்தா பாம்பும் இருக்கும் தம்பி. ஆள் விட்டு ஓட்டணும்."

அந்த மழைக்காலத்தில் ஆன்ட்டியின் தோட்டத்தைப் பெரிய பெரிய நத்தைகள் மேய்ந்துகொண்டிருந்தன. உப்பு தூவியும் அடங்கவில்லை. ஒருநாள் காலையில் அவர் காபி டம்ளரோடு வாசலில் நிற்கும்போது, கீரி காம்பவுண்ட் சுவர் ஏறி வந்தது. ஒரு நத்தையை உருட்டிச் சுவரருகே கொண்டுபோனது. சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, முன்னங்கால்களால் நத்தையைப் பிடித்து, பின்னங்கால்களுக்கு நடுவே விட்டு எறிந்தது. டக்கென்று சுவரில் மோதியது. மறுபடி எறிந்தது. ஓடு உடைந்தது.

"ஐயோ, என்னா பௌலிங்கு பாருங்க தம்பி!" என்றார் ஆன்ட்டி. ஓட்டுகிற பேச்சு அன்றோடு நின்றது.

மழை ஓய்ந்த சமயம் கல் இடுக்கில் குட்டிகளின் மூஞ்சி தெரிந்தது. மூன்று. கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வாசலைத் தாண்டி வரத் தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்தன.

அந்த வாரமே சைட்டைச் சுத்தம் பண்ண ஜேசிபி வந்தது. நான் பால்கனியிலிருந்து கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. ஊன்றுகோலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஆன்ட்டி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இயந்திரத்தின் எதிரே நின்றிருந்தார்.

"நில்லுப்பா! உள்ள குட்டிங்க இருக்கு!"

டிரைவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். "சைட் ஓனரு போன் மேல போன் போடுறாரும்மா. நான் என்ன பண்றது?"

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்கண்ணா," என்றேன். "சத்தம் நின்னா அதுவே குட்டிங்கள தூக்கிட்டுப் போயிடும்."

போகுமா என்று எனக்கே தெரியாது. அவர் என் காலைப் பார்த்தார், ஆன்ட்டியைப் பார்த்தார், சாவியைத் திருப்பினார். ஆன்ட்டி சைட்காரருக்கு போன் போட்டுக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். கடைசியில், "மத்தியானம் வரைக்கும் டைம் குடுத்திருக்காரு," என்று போனை இடுப்பில் செருகினார்.

நாங்கள் சாலை ஓரத்துக்கு ஒதுங்கி நின்றோம். தெருவில் போனவர்களும் நின்றார்கள். வெகுநேரம் எதுவும் அசையவில்லை. என் கால் விண்விண்ணென்று தெறித்தது. நான் சொன்னது பொய்யாகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தபோது புல் ஆடியது.

தாய் ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. எங்களைச் சட்டைகூடப் பண்ணவில்லை. சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புறத் தைலமரத் தோப்பின் கரையில் உடைந்து கிடந்த சிமெண்ட் குழாய்க்குள் நுழைந்தது. வெறும் வாயோடு திரும்பி வந்து இரண்டாவதைக் கொண்டுபோனது.

மூன்றாவதோடு பாதி சாலைக்கு வந்தபோது தெருநாய் ஒன்று பாய்ந்து வந்தது. டிரைவர் கல்லை எடுக்கக் குனிந்தார். அதற்குள் கீரி குட்டியைக் கீழே வைத்துவிட்டது. வைத்த நொடியில் அதன் ரோமமெல்லாம் சிலிர்த்தெழுந்து, உடம்பு இரண்டு மடங்கானது. வால் பாட்டில் கழுவும் பிரஷ்போல விரிந்தது. பின்வாங்கும் என்று நினைத்தேன். நேராக நாயின் மூக்கை நோக்கிப் பாய்ந்தது! பல்லைக் காட்டிச் சீறிய அந்தச் சத்தம் இவ்வளவு சிறிய உடம்பிலிருந்து வந்ததென்று நம்ப முடியவில்லை. நாய் தன் கால்களே தடுக்கி விழுந்து, எழுந்து, ஊளையிட்டுக்கொண்டு ஓடியது.

கீரி திரும்பி வந்தது. குட்டியைக் கவ்வியது. அவசரமே இல்லாமல், நடந்தே போனது.

குழாய்க்குள் வால் மறைந்ததும் தெருவே கைதட்டியது. டிரைவர் விரலை மடக்கி விசிலடித்தார். "இன்னாம்மா இது, சிங்கம்மா!" ஆன்ட்டி அழுதுகொண்டே சிரித்தார். நானும் ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தேன் என்பதை யாரோ என் தோளைத் தாங்கிப் பிடித்தபோதுதான் உணர்ந்தேன்.

டிரைவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. போன் வெளிச்சத்தை ஒவ்வொரு இடுக்கிலும் அடித்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஏறினார்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு காலையில் பால் வாங்கப் போனேன். தோப்பின் கரையில் தாய் முன்னே போக, ஒன்றின் வாலை ஒன்றின் மூக்கு தொட்டபடி மூன்று குட்டிகளும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்தே ஆன்ட்டிக்கு போன் போட்டேன். "அப்படியே நில்லுங்க தம்பி, நான் வர்றேன்," என்றார். செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.