புள்ளிகளை இழுத்த கை

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போன பிறகு பருத்தி இரண்டு தடவை வெடித்து ஓய்ந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைப் பொறுத்துக்கொண்டேன். குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் எனக்குப் பாரமில்லை. யாரையும் ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டதும் இல்லை. பொழுது சாயும்போது என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வருவார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏ… ஏ…" என்று வாய் கோணும். தண்ணீரைக் காட்டுவேன். இல்லை என்று தலை ஆடும். தலையணை, மாத்திரை, போர்வை, ஜெயங்கொண்டத்து மகளோடு பேச போன். எதுவும் இல்லை. இடது கையால் கட்டிலை ஓங்கி அடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். முன்பெல்லாம் அவர் தொண்டையைச் செருமினாலே போதும், என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் தம்பிதான் ஒரு வழி சொன்னது.

"எடது கையால எழுதிப் பழகட்டும்மா. மொதல்ல அவரு பேரு. அது வந்துருச்சுன்னா மனசுல இருக்கறத எழுதியே காட்டிருவாரு."

அதைப் பிடித்துக்கொண்டேன். எழுதிவிட்டால், அந்தச் சாயங்காலச் சொல் என்னவென்று தெரிந்துவிடுமே.

கடையில் விற்கிற நோட்டு ஒத்துவரவில்லை. அவர் போட்ட முதல் சுழி நாலு வரியை விழுங்கியது. குரும்பலூரிலிருந்து பஸ் ஏறி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். ஒரு பெண் உட்கார்ந்திருந்தது.

"என்னா பாட்டி வேணும்?"

"ஒன் பாட்டிக்கு நான் மூத்தவளா எளையவளான்னு பாத்துட்டுக் கூப்புடு."

சிரித்துவிட்டது. "சரிங்கம்மா, சொல்லுங்க."

"எழுதிப் பழகக் கோடு போட்டுத் தா. பெருசா."

"கோடு போட்ட நோட்டே கெடைக்குமேம்மா?"

"அது எறும்பு போற தடம். எங்களுக்கு மாட்டுவண்டி போற தடம் வேணும்."

முழுக் கோடு வேண்டாம், புள்ளி புள்ளியாகப் போடு என்று நான்தான் சொன்னேன். முழுக் கோட்டைப் பார்த்தால் தாண்டிவிடுவோமோ என்று மிரளுவார், புள்ளி என்றால் பயம் இருக்காது என்று என் கணக்கு. அந்தப் பெண் கீபோர்டில் புள்ளிக் கட்டையையே தட்டிக்கொண்டு போனது. பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கியதும் புள்ளிகள் ஓரத்தை மீறிக் கீழே வழிந்து, அடுத்த வரியில் பாதியில் நின்றன.

"என்னாடி இது, மழ பொய்ச்ச காடு மாதிரி பாதிதான் மொளச்சிருக்கு?"

"இருங்கம்மா, வேற மாதிரி போடுறேன்."

எல்லாவற்றையும் அழித்தது. வலது ஓரத்தில் ஏதோ அடையாளம் வைத்து ஒரே தட்டுத் தட்டியது. புள்ளிகள் இந்த ஓரத்தில் கிளம்பி அந்த ஓரத்தில் போய்ச் சரியாக நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"மேல பேரப் போட்ரலாம். அய்யா பேரு என்னாங்க?"

கட்டிய நாளிலிருந்து அவர் பேரை என் வாயால் சொன்னதில்லை. ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். பெரிய எழுத்தில் அடித்துத் தந்தது.

வீட்டுக்கு வந்து, பலகையை அவர் மடியில் வைத்து, தாளைப் பரப்பி, இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். "மேல இருக்குல்ல, அத மாதிரியே எழுதுங்க" என்றேன்.

பேரை அவர் பார்க்கவேயில்லை. முதல் புள்ளியில் பேனாவை வைத்தார். அடுத்த புள்ளிக்கு இழுத்தார். அதற்கடுத்த புள்ளிக்கு. நாக்கு நுனி வெளியே தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெங்காயம் நடக் காட்டில் நேராகப் பார் பிடிக்கிறவர் மாதிரி ஓரம் வரைக்கும் போனார். பிறகு அடுத்த வரி. தாள் முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேலையை முடித்தவன் கூலி கொடுப்பவளைப் பார்க்கிற பார்வை.

"நல்லா இருக்குங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

புள்ளியால்தான் இந்த வினை என்று மறுபடியும் பஸ் ஏறினேன். இந்தத் தடவை முழுக் கோடு.

"நீங்கதானம்மா கோடு வேணாம்னீங்க?"

"இப்ப வேணும். போடு."

அந்தத் தாளை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். கோட்டின் மேல் விரலை வைத்து ஓரம் வரைக்கும் தடவினார். பிறகு தாளைப் பலகையோடு என் பக்கம் தள்ளிவிட்டார். யாரோ முன்னாலேயே இழுத்து முடித்துவிட்டார்கள், தனக்கு இதில் என்ன வேலை என்பது போல. எழுத்து என்று ஒன்று உண்டு, அது கோட்டின் மேல் உட்காரும் என்பதே அவருக்குள் இல்லாமல் போய்விட்டது. அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

கைப்பயிற்சித் தம்பியிடம் சொன்னேன். "பாப்போம்மா" என்றது. அந்தப் 'பாப்போம்' எனக்குத் தெரியும். பூச்சி விழுந்த பருத்தியைப் பார்த்து மருந்துக் கடைக்காரர் சொல்வதும் அதுதான்.

இப்போது புள்ளித் தாளே வாங்கி வருகிறேன். கேட்காமலே அந்தப் பெண் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அவரும் தினமும் இழுக்கிறார். இழுக்கும் நேரம் மட்டும் முகத்தில் கோணல் தெரிவதில்லை.

அந்தத் தாள்களை அடுப்பில் போட மனம் வரவில்லை. அவர் இழுத்த கோடுகளின் மேல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வருகிறது. அவர் கை சரிந்த இடத்தில் என் எழுத்தும் சரிகிறது.

பொழுது சாய்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து சத்தம் வருகிறது. போய்த் தண்ணீரைக் காட்ட வேண்டும். அவர் கேட்பது தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.