காகிதம் கேட்காத கணினி

எங்கள் வீட்டுக்குள் எது வந்தாலும் அதற்கொரு காகிதமும் கூடவே வர வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் உத்தரவாதச் சீட்டு, என் தடுப்பூசி அட்டை, எப்போதோ கட்டிய மின்சார பில்கள் எல்லாம் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு நீலக் கோப்புக்குள் இருந்தன. அதை அப்பாவைத் தவிர வேறு யாரும் தொட முடியாது. அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு பொருளை மட்டும் காகிதமில்லாமல் கண்டியை ஒட்டிய மஹய்யாவவிலிருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது அவர் சிற்றூழியராக இருந்த அலுவலகம் கழித்துப் போட்ட கணினி.

மகளுக்குக் கொண்டு போ என்று பெரிய அதிகாரி வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார். அடுத்த மாதமே அவர் இடமாற்றமாகிப் போய்விட்டார். கையோடு ஒரு கடிதம் வாங்காமல் விட்டோமே என்று அப்பா அன்றிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் அலுவலக இலக்கம் வெள்ளை மையில் எழுதியிருந்தது. அம்மா அதன்மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போட்டு மூடி வைத்தார்.

எனக்குப் பத்து வயதானபோது, ஓர் இடி மழையில் அந்தக் கணினி கருகிய வாசனையோடு அணைந்துபோனது. அம்மாவின் தம்பியான மாமா வந்தார். அவர் கண்டியில் ஆறு மாத கம்ப்யூட்டர் வகுப்பு முடித்தவர். படிப்பைவிட அவருக்குத் துணிச்சல் அதிகம். கெலிஓயாவிலிருந்த நண்பரிடமிருந்து வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார். பழைய பெட்டியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அதில் பூட்டினார்.

"உயிரு இதுக்குள்ளதான் இருக்கு மச்சான். ஒடம்ப மட்டுந்தான் மாத்துறோம்" என்றார். திரையில் பழைய படமே வந்தது. மாமா தேநீரைக் குடித்துவிட்டு வெற்றிவீரராகப் புறப்பட்டுப் போனார்.

அவர் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்காது, திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழுந்து நின்றது. வீட்டின் ஆங்கிலத்துக்கு அப்போது நான்தான் பொறுப்பு. இயந்திரம் வெகுவாக மாறிவிட்டது, அதில் ஓடும் மென்பொருளை மூன்று நாட்களுக்குள் மறுபடி பதிய வேண்டும் என்பதுதான் சாரம். நான் நிமிர்ந்து நின்று, டீச்சரைப் போலக் குரலை உயர்த்தி அதைச் சொன்னேன்.

"பதியாட்டி?" என்று அப்பா கேட்டார்.

"பூட்டிரும்." அவர் முகம் மாறியது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் சொந்தச் சரக்கு ஒன்றையும் சேர்த்தேன். "ஆபீசுக்கும் தெரிஞ்சிருமாம்."

அப்பா துணியை இழுத்துப் பெட்டியை மூடினார். புதுப் பெட்டியில் மூடுவதற்கு எந்த இலக்கமும் இல்லை என்பது அவருக்கு நினைவில்லை. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் வேலையிலிருந்து வந்ததும், யாராவது ஏதாவது கேட்டார்களா என்று அம்மா மெதுவாக விசாரித்தார். இன்னும் இல்லை என்றார் அப்பா. அந்த 'இன்னும்' என்னால் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு முறையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா லீவு போட்டார். கணினியைப் படுக்கை விரிப்பில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார். என்னை ஒரு பக்கம் உட்கார வைத்து, நீலக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். இதற்கு அந்தக் கோப்பு எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

கண்டியில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அதை ஓட்டிப் பார்த்தார். "அண்ணே, இதுல ஓடுற சொப்ட்வெயார் அந்தப் பழைய பொட்டியோட சேத்துக் குடுத்த சாமான். அந்தப் பொட்டிக்கு மட்டுந்தான் செல்லும். வேற பொட்டிக்கு மாத்த ஏலா" என்றார்.

அப்பா கோப்பைத் திறந்தார். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், தன்னுடைய பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கொடுத்த வதிவிடக் கடிதம், என் பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசைமேல் பரப்பினார். "எங்கப்பா காலத்துலருந்து எல்லாம் இருக்குங்க நானா. எது வேணும்னு பாருங்க. இன்னைக்கோட நாள் முடியுது, ஆபீசுக்கும் தெரிஞ்சிருமாம்."

பக்கத்தில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் சிரிப்பை அடக்கினார்கள். நான் வெட்கத்தில் செத்துப் பிழைத்தேன். நானா சிரிக்கவில்லை. காகிதங்களை அதே வரிசையில் அடுக்கி, ஓரம் தட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"இதொன்டும் கேக்க மாட்டாங்க. ஆபீசுக்கும் தெரியாது, பொலிசும் வராது. ஆருக்கிட்டயும் பதியத் தேவயில்லாத ஒன்டு ஈக்கிது, சும்மா குடுக்கிறது. அதப் போட்டுத் தாரன்."

"காகிதமே கேக்காதுங்களா?"

"கேக்காது."

"பொறகு எப்பயாச்சும் கேட்டா?"

 நானா பில் புத்தகத்தை எடுத்து, இந்தக் கணினியில் இருப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். முத்திரையும் குத்தினார். அப்பா மை காயும்வரை ஊதி, அதைத் தாத்தாவின் சான்றிதழுக்குப் பின்னால் செருகினார். பல நாள் அதைச் சொல்லி நானும் மாமாவும் சிரித்தோம்.

அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது எனக்கு வந்தபோதுதான் அந்தக் கோப்பு முதன்முதலாக என் கைக்கு வந்தது. தாத்தாவின் சான்றிதழில் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. அப்பாவின் அக்கா பெயர் மட்டும் இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி இந்தியாவிலிருந்து கடிதம் போடும் அத்தை அவர். கலியாணமாகி அங்கே போனவர் என்றே நான் நினைத்திருந்தேன். நடந்ததை அம்மா அன்றுதான் சொன்னார்.

அத்தைக்குப் பதினெட்டு வயது கடந்திருந்ததால் இலங்கைப் பிரஜாவுரிமைக்குத் தனி விண்ணப்பம் போட்டார்களாம். இன்னொரு காகிதம் வேண்டும், இத்தனை நாட்களுக்குள் வேண்டும் என்று கடிதம் வந்ததாம். தாத்தா வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் அதை வாசித்துச் சொல்ல ஆள் கிடைத்தபோது நாள் கடந்துவிட்டது; பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. அத்தையை, இந்தியாவுக்குக் கப்பல் புறப்படும் தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட எல்லோரும் போனார்கள். அப்போது அப்பாவுக்குப் பத்து வயது.

ஆபீஸ் பற்றிய அந்த வரியை நானே சேர்த்தேன் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.