அக்காவின் புற்றரை

அக்காவின் கையில் இருந்த புல்கட்டிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் செதுக்கி எடுத்தது. தடித்த ரொட்டி அளவு இருக்கும். மேலே பச்சைப் புல், அடியில் வேரோடு ஒட்டிய ஈரமண். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலேயிருந்த மேட்டில் நின்றாள். மழை சற்று விட்டிருந்தது. அந்த மேட்டின் குறுக்கே, கால் நுழையும் அகலத்துக்கு நிலம் வெடித்துக் கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை 'புற்றரை' என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்துவரச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் யார் வாயிலும் வராத சொல். புல் என்போம், மானாக்காடு என்போம், அவ்வளவுதான். அக்கா படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனவள். புல் மூடிய மண்தரை என்று நான் விளக்கியதும், கூடையை இறக்கிவைத்த கையோடு சிரித்தாள்.

"அட, நம்ம மேடுதாண்டி அது! எழுதிக்க: புற்றரையில எங்க அக்கா வீடு கட்டுவா."

அப்படியே எழுதினேன், சரி போட்டுத் தந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அது புற்றரைதான். "புற்றரைல மாட்டைக் கட்டிட்டு வாரேன்", "புற்றரைல வெயில் அடிக்குது, துணியக் காயப்போடு" என்று காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும் அவசரத்திலும் சொல்வாள். கேலியாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆசை! லயத்துச் சனத்துக்கு வீடு கட்டக் காணி தரப்போகிறார்கள் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் பேச்சு வரும். தந்தால் அந்த இடத்தைத்தான் கேட்பேன் என்று, வாசல் எங்கே, அடுப்படி எங்கே என்றுகூடக் குச்சி நட்டு வைத்திருந்தாள். வெடிப்பு அந்த அடுப்படி வழியாகத்தான் போனது.

அதற்கு முந்திய ஒரு மழையில் கீழ் லயத்துக்குப் பின்னால் வெடித்தபோது உடனே கிராம சேவகரிடம் போய்ச் சொன்னோம். எல்லோரையும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பாயும் பாத்திரமுமாக மாதக்கணக்கில் கிடந்தோம். குமரிப் பிள்ளைகள் குளிக்க மறைவில்லை. காணியும் வரவில்லை, வீடும் வரவில்லை. கடைசியில் லயத்தில் அவரவர் பழைய காம்பரா அறைக்கே திரும்பிவிட்டோம். அதனால் இந்த முறை லயமே சேர்ந்து வாயை மூடிக்கொண்டது. வெடிப்பில் கல்லும் மண்ணும் கொட்டி, மேலே புல்கட்டிகளைப் பதித்துக் குதிகாலால் மிதித்தார்கள். மழைத்தண்ணீர் இறங்காது, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். மலையைப் பார்க்க வருகிற அதிகாரிகள் கண்ணிலும் படாது.

"வாயத் தொறந்தேன்னு வை, மறுபடியும் பள்ளிக்கூடத்துச் சீமெந்துலதான் படுக்கணும்" என்றாள் அக்கா. புல் நன்றாகவே பிடித்தது. கொஞ்ச நாளில் வெடிப்பு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

பிறகு நான் பதுளையில் விடுதியில் தங்கிப் படித்தேன். ஐப்பசி அடைமழையில், மலையில் வேலை இல்லாமல் எல்லோரும் வீட்டில் இருந்த ஒரு மதியம், புற்றரை முழுசாகச் சரிந்து லயத்தின்மேல் இறங்கியது. சத்தம் கேட்டுப் பலர் ஓடித் தப்பினார்கள். அக்கா மாட்டை அவிழ்க்கப் போனாளாம். தோண்டித் தோண்டித் தேடியும் அவள் கிடைக்கவில்லை. பாவி, அந்த மாட்டை விட்டுவிட்டு ஓடியிருக்கக் கூடாதா!

இப்போது பசறையில் தமிழ் படிப்பிக்கிறேன். பாடத்தில் அந்தச் சொல் வந்தால், "புற்றரையில் முயல்கள் விளையாடின" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். சரி போடுகிறேன். வேறென்ன செய்ய?

போன மாதம் அக்காவின் திதிக்குத் தோட்டத்துக்குப் போனேன். சரிந்த இடம் முழுக்கப் புல் மூடிவிட்டது. மிஞ்சிய லயத்தில் அதே சனம் இருக்கிறது. அதற்கு மேலே புதிதாக வெடித்திருப்பதைப் பார்த்ததும் நேரே கிராம சேவகரிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும் டீச்சர். எழுதி அனுப்பியாச்சு. இவங்கள எங்க கொண்டுபோய் வைக்கிறது? நீங்களே சொல்லுங்க" என்றார்.

என்னிடம் இடம் இல்லை. அவரிடமும் இல்லை. கோபப்படக்கூட ஆள் கிடைக்காமல் திரும்பினேன்.

வெடிப்பின் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். அன்றைய அக்காவின் வயதுதான் இருக்கும். கையில் புல்கட்டி. என்னைக் கண்டதும் அதை முந்தானையால் மூடினாள்.

"யாருக்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்."

"சொல்லிட்டேன் புள்ள. அவங்களுக்கு முந்தியே தெரியுமாம்."

முந்தானையை விலக்கினாள். பிறகு குனிந்து கட்டியைப் பதித்து, குதிகாலால் மிதித்தாள்.