ஆளுக்கொரு காது

வெள்ளை வயர் ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு முனை மதினியின் இடது காதில், மறுமுனை என் வலது காதில். புதூர்ப் பக்கமிருந்து கோவில்பட்டி தீப்பெட்டி ஆலைக்குப் போகும் வேனில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பாட்டுக் கேட்போம். ஒருத்தியே இரண்டையும் மாட்டிக்கொண்டால் தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வந்துவிடும். வாந்தி வரும் என்பதால் ஜன்னலோரம் எப்போதும் மதினிக்கு. அதனால் காதும் மாறியதில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு பெங்களூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்தவர். அங்கே தங்கிப் படித்த பிள்ளைகள் பாட்டைப் போட்டுப் போட்டு, ஓர் ஆங்கில ராக் குழுவின் பைத்தியம் அவருக்கும் பிடித்துவிட்டது. “அர்த்தம் எதுக்குட்டி? அந்த ஆளு கத்துதத கேட்டா, நம்ம சூப்பர்வைசர நாலு கேள்வி கேட்ட மாரி இருக்கும்லா” என்பார்.

நடுவில், “இந்தா, கிட்டார் வருது பாரு” என்று என் தொடையில் தட்டுவார். எனக்கு ஒரு கிட்டாரும் வராது. “ஆமா மதினி” என்று தலையை ஆட்டிவைப்பேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தெரிந்த ஒரே வேலை மெஷினில் நிற்பது. அந்த இரைச்சலில் காது போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். மெஷின் மணி கேட்காதவளை யார் அங்கே வேலைக்கு வைப்பார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடுமே. வீட்டில் பல்லி கத்துவதைக்கூடக் கேட்டுக் கேட்டுக் காதைச் சோதித்தேன்.

அப்படி இருக்கையில், அந்தக் குழுவின் சிறந்த பாட்டுகள் உள்ள ஆல்பத்தை மதினி லாஸ்லெஸ்ஸில் இறக்கினார். சத்தத்தில் ஒரு பொட்டுகூடக் குறைக்காத பாட்டாம். போனில் இடம் பற்றவில்லை என்று கல்யாண வீடியோவையே அழித்தார். “உங்க அண்ணனத்தான் தெனமும் நேர்ல பாக்கேனே!”

குறைக்காத பாட்டிலாவது கிட்டார் வரும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு கேட்டேன். பாடுகிறவன் மூச்சை இழுப்பது கேட்டது. டிரம்மின் தோல் அதிர்வது கேட்டது. கிட்டார் மட்டும் இல்லை. தொடையில் அடி விழுந்தது. “ஆமா மதினி” என்றேன். காது போனதை இன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தபோது கண்ணீர் முட்டியது.

முந்தின நாள் மழையில் பாதை களியாகக் கிடந்தது. சக்கரம் கரிசலில் புதைந்து வேன் நின்றது. எதற்கும் முதல் ஆளாக இறங்குகிறவர் மதினி. “சேத்துல விழுந்துரப் போவுது, நீயே மாட்டிக்கோ. என்னன்னு பாத்துட்டு வாரேன்” என்று தன் முனையை என்னிடம் தந்தார். அதை இடது காதில் செருகினேன்.

கிட்டார் வந்தது. கம்பியில் விரல் வழுக்குவதுகூடக் கேட்டது. பாட்டை இரண்டாகப் பிரித்து, காதுக்கு ஒரு பாதியாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். நான் இத்தனை நாளும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறேன்!

“கேக்குது மதினி! எனக்குக் கேக்குது!” என்று நான் போட்ட கூச்சலில் வேனே திரும்பிப் பார்த்தது.

“ஏக்கா, வண்டி இங்கன சேத்துல கெடக்கு, ஒங்களுக்குக் கச்சேரி கேக்குதாக்கும்” என்றார் டிரைவர்.

அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் சொன்னேன். “போடி கூறுகெட்டவளே, இதுக்கா மூஞ்சத் தூக்கிட்டுத் திரிஞ்ச?” என்று வைதபடி, சேற்றுக் காலோடு ஏறிவந்து இரண்டு முனைகளையும் தன் காதில் மாட்டினார் மதினி. கொஞ்ச நேரத்தில் அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

“ஏட்டி, இதுல இன்னொருத்தனும் பாடுதான்!”

“அவன் எப்பவும் பாடுதானே மதினி.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒங்களுக்கும் கேக்குதுன்னு நெனச்சேன்.”

மதினி இப்போது அண்ணனோடு திருப்பூரில் இருக்கிறார். வேனில் இன்று ஆளாளுக்கு வயர் இல்லாத இயர்போன். நான் அதே மெஷினில்தான் நிற்கிறேன். கண் மங்குகிறதோ, முட்டி தேய்கிறதோ என்று புதுசு புதுசாகக் கவலை வரத்தான் செய்கிறது. வேனில் போகும்போது போனில் என் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், “இப்ப என்னட்டி போச்சு?” என்பார் மதினி. அதுவரை இரண்டு காதும் நிறைய அந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டு வந்த நான், வேன் அதிரக் கத்துவேன்: “ஒண்ணும் போவல மதினி, எல்லாம் கேக்குது!”