கழற்றாமல் வைக்கும் பொட்டு

மலைநாட்டு ராகலையில் அக்கா வேலை செய்யும் மரப்பட்டறையில், மேசை ரம்பத்தின் சுழன்று அறுக்கும் பல்சக்கரத்துக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தகடு நிமிர்ந்து நிற்கும். அறுபட்டு வரும் பலகையின் இரண்டு பாதிகளும் மறுபடி ஒட்டிக்கொண்டு சக்கரத்தை நெரிக்காமல் தடுப்பது அதன் வேலை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத சாமான். அதன் ஒரு மூலையில் கல் கீறிய தழும்பு ஒன்று இருக்கிறது. அந்தத் தழும்புக்குக் காரணம் நான். அதை நினைத்தால் எனக்கு வெட்கமும் வரும், அக்காவை நினைத்துப் பெருமையும் வரும். பெருமைதான் அதிகம்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துக் கொழுந்து பறித்தாள். பிறகு பட்டறைக்கு மரத்தூள் கூட்டப் போனாள். மூன்றே வருடத்தில் மெசினைப் பிடித்துவிட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்த அத்தை எங்கள் வாசலில் நின்றே சொல்லும்: “இவளுக்கு மாப்புள தேடி முடிக்கிறதுக்குள்ள மோதிரம் போட ஒரு வெரலாவது மிஞ்சுமா?” அக்கா இரண்டு கைகளையும் அதன் முகத்துக்கு நேரே விரிப்பாள். “பத்தையும் இப்பவே எண்ணிக்கிங்க அத்த. கல்யாணத்தன்னைக்கு வந்து மறுபடி எண்ணிப் பாருங்க.”

அந்தப் பத்து விரல்களும் சும்மா மிஞ்சவில்லை. பலகையை நீளவாக்கில் பிளக்கும்போது, சக்கரத்துக்கு நேராக, பலகை எகிறி வரக்கூடிய வழியில், அவள் ஒருநாளும் நிற்க மாட்டாள். தரையில் சோக்கால் கோடு போட்டு, அதற்கு இடப்பக்கமே நிற்பாள். கடைசி ஒரு சாண் வந்ததும் கையை எடுத்துவிட்டுத் தள்ளுகட்டையால் தள்ளுவாள். குறுக்கே வெட்டுவதென்றால், பலகை சாய்ந்து போகும் பக்கச் சட்டத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, வழுக்கிப் போகும் தாங்கியில் பலகையை அணைத்து வைப்பாள். இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டின துண்டு நடுவில் மாட்டி எகிறும் என்பாள். சாய்த்து வெட்டும்போது சக்கரம் பக்கச் சட்டத்தைப் பார்த்துச் சாயக்கூடாது, வெளிப்பக்கம்தான் சாய வேண்டும். ஒரு வெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுமுன் மின்சாரப் பிளக்கைக் கழற்றி மேசைமேல் தன் கண்ணெதிரே வைத்துக்கொள்வாள். கோயில் கயிற்றைக்கூட மணிக்கட்டில் கட்ட விடமாட்டாள். பூசாரியிடம் சட்டைக் கையைத் தூக்கிப் புஜத்தைக் காட்டுவாள். நான் மரவேலைப் பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் வாங்கி அதே பட்டறையில் சேர்ந்தபோது, புத்தகத்தில் படித்ததெல்லாம் அவள் கையில் ஏற்கெனவே இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு மெசினைக் கழுவித் துடைக்கும் பொறுப்பு எனக்கு. சக்கரத்துக்குப் பொட்டு வைக்க வசதியாக மேல்மூடியையும் தகட்டையும் கழற்றினேன். தகட்டுக்குச் சந்தனம் பூசி, வாழையிலையில் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். தேங்காய் உடைத்தோம், சுண்டல் சாப்பிட்டோம். மறுநாள் காலையில், பூசைச் சாமான் காலில் மிதிபடக்கூடாது என்று இலை, பூ, மாலை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிப் பட்டறைக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் போட்டேன். மூட்டை கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. தேங்காய் மூடி என்று நினைத்தேன்.

அக்கா வந்தாள். சுவிட்சைத் தொடுமுன் வழக்கம்போலக் குனிந்து பார்த்தாள். “தகடு எங்கடா தம்பி?”

மூட்டை ஏன் கனத்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினேன்.

அன்று ஒரு தோட்டப் பாடசாலைக்கு மேசைகள் போக வேண்டும். மத்தியானம் லொறி வரும். டர்பன்டைன் மரப் பலகைகள் பிளக்காமல் கிடந்தன. உள்ளுக்குள் முறுக்கம் உள்ள மரம் அது. பிளக்கப் பிளக்க இரண்டு பாதியும் நெருங்கி வரும். விஷயம் கேட்டு முதலாளி வந்தார்.

“ஒரு நாளைக்கித் தகடு இல்லாட்டி என்ன தங்கச்சி? நேத்துத்தானே பூச போட்டோம். சாமி பாத்துக்கும்.”

“சாமி முன்னால வச்சதத்தான் மொதலாளி ஆத்துல போட்டுட்டோம்.”

நான் சிரித்திருப்பேன், அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். “ஓட்ட முடியாதுன்னா கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கே போ. மெசினுக்கு வேற ஆள் கெடைக்கும்” என்றார்.

எங்கள் தோட்டத்திலிருந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு மெசினுக்கு வந்த முதல் பெண் அவள். திரும்பிப் போனால் அத்தையின் வாய்க்கு ஒரு வருடம் அவல் கிடைக்கும். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணை யாரும் பட்டறைக்கு அனுப்பவும் மாட்டார்கள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். பிளக்கைக் கழற்றினாள். நடந்து போய், மெசினுக்கு எதிர்ச் சுவரில் தொங்கிய முருகன் படக் கலண்டரை ஆணியிலிருந்து எடுத்தாள்.

சுவர்ப் பலகையில் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. அக்கா வருவதற்கு முன்பு, தகடில்லாமல் ஓட்டிய ஒரு நாளில், மெசினிலிருந்து ஓட்டுகிறவர் பக்கம் எகிறிய பலகை போட்ட ஓட்டை. அன்று அந்த வழியில் ஆள் யாரும் நிற்கவில்லை.

“இத மறைக்கத்தானே மொதலாளி கலண்டர் மாட்டுனீங்க? எனக்குத் தெரியும். மொத நாள் கூட்டும்போதே பாத்துட்டேன். குறுக்கு வெட்டெல்லாம் இப்பவே கைவாள்ல அறுக்கிறேன். பிளக்கிறது தகடு வந்த பெறகுதான். அதுக்குள்ள வேற ஆள் வந்தா, அவங்களுக்கும் இந்த ஓட்டையக் காட்டுங்க.”

அக்கா கைவாளை எடுத்தாள். நான் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். ராகலைக் குளிரில் அந்தத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். பாலத்துக்குக் கீழே மாலை மட்டும் ஒரு வேரில் சிக்கியிருந்தது. இலை போய்விட்டது. கல்லுக்கடியில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுத் துழாவினேன். கால் மரத்துப்போய், இனிக் கிடைக்காது என்று நினைத்த நேரத்தில் விரலில் விளிம்பு பட்டது. இழுத்தபோது கல்லில் கீறியது. அதுதான் அந்தத் தழும்பு.

அக்கா என்னைத் திட்டவில்லை. தகட்டை வாங்கித் துடைத்து, வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்த்து, பூட்டி, மேல்மூடியையும் போட்ட பிறகுதான் பிளக்கைக் கையில் எடுத்தாள். லொறி வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அவள் அவசரப்படவில்லை. ஏழாவது பலகையோ எட்டாவதோ, பாதி போனதும் முனகியது. இரண்டு பாதியும் நெருங்கித் தகட்டைக் கவ்விக்கொண்டன. முழங்காலால் நிறுத்துச் சுவிட்சைத் தட்டினாள். சக்கரம் முழுக்க நிற்கும்வரை பலகையைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு என்னிடம் ஆப்பு கேட்டாள், வெட்டின வாயில் அடித்தாள், வேலையைத் தொடர்ந்தாள். முதலாளி திரும்பிச் சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தார்.

மேசைகள் இரண்டு மணி நேரம் பிந்திப் போயின. போய்ச் சேர்ந்தன. கலண்டரை முதலாளியே எடுத்துப் போய் வேறு சுவரில் மாட்டினார்.

இப்போது நான் ஹற்றனில் மரவேலை சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வகுப்பில் பாடப் புத்தகத்தைத் திறக்குமுன் நான் ஆற்றில் துழாவிய கதையைத்தான் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் மெசினைக் குனிந்து பார்க்கச் சொல்வேன். அக்கா அதே பட்டறையில் மெசின் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறாள். அவளுக்குக் கீழே மூன்று பெண்கள்; அதில் ஒருத்தி அந்த அத்தையின் மகள். அக்காவின் கல்யாணத்தில் அத்தை உண்மையிலேயே வந்து விரல்களை எண்ணியது. பத்து.

ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் நான் ராகலைக்குப் போய்விடுவேன். இந்த வருடமும் முதலாளி குங்குமச் சிமிழை என்னிடம்தான் நீட்டினார். மெசினின் பிளக் கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தது. எதிரே அந்த ஓட்டை, திறந்தபடி. மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா என் பின்னால் நின்றாள், மூன்று பெண்களும் காதுகொடுத்துக் காத்திருந்தார்கள், வருடா வருடம் அவள் சொல்வதைக் கேட்க.

“சாருக்குச் சான்றிதழெல்லாம் இருக்கு. ஆனாலும் சொல்லிடுறேன். கழட்டாம வை, தம்பி.”

தழும்புக்குப் பக்கத்தில் பொட்டு வைத்தேன். தகடு நின்ற இடத்திலேயே நின்றது.