பூரிக்காரி கேத்தரின்

கன்னத்தை வைத்துத்தான் பார்ப்பாள். அதுவும் வலக் கன்னம். இடக் கன்னத்துக்கு அந்த நுட்பம் இல்லையாம். மூச்சை அடக்கி, உப்பி அமுங்கும் கறுப்பு ரப்பரின் மேல் முகத்தை மெல்ல நகர்த்துவாள். ஊசிமுனை அளவு காற்று கசிந்தாலும் கன்னம் சொல்லிவிடும். அதே கரிக் கன்னத்தோடு ஞாயிறு பூசைக்குப் போய், "என்ன கேத்தரின், சாம்பல் புதன் அதுக்குள்ள வந்துட்டா?" என்று பங்குச்சாமியாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

தீவுக் கிராமமான வண்டூரில் இருபது வருஷமாகப் பஞ்சர் கடை வைத்திருப்பவளுக்கு, படகுத்துறை ஓரம் நிற்கும் அந்த இரும்பு உருளையைக் கவனிக்கும் வேலையும் இப்போது உண்டு. உருளையின் அடி கடலுக்குள் திறந்திருக்கும். தலையில், கரி பூசி அடுக்கடுக்காக ஒட்டிய ரப்பர்த் தோல். அலை உள்ளே ஏறினால் காற்று நெருக்க, தோல் உப்பும். அலை இறங்கினால் அமுங்கும். உப்பும்போது கொஞ்சம் மின்சாரம் ஏற்றினால், அமுங்கும்போது கூடுதலாகத் திருப்பித் தரும். சென்னையிலிருந்து வந்த பொறியாளர் திவ்யா இதற்கு முழ நீளத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் சொல்வாள். கேத்தரின் வைத்த பெயர் பூரி.

புது ரப்பர் வந்தால் ஓரத்தைக் கடித்துப் பார்ப்பாள். எலித் தொல்லை என்று திவ்யா சென்னைக்குப் புகார் எழுதி அனுப்பிய பிறகுதான், அது எலி இல்லை என்று தெரிந்தது.

சுற்றுலா வந்தவர்களுக்கு விளக்கமும் அவள்தான். "சமுந்தர், அதான் கடலு, இழுக்கும், ரப்பர் சும்மா விடுமா? திரும்பி வாறப்போ கரண்டக் குடுத்துட்டுத்தான் வரும். பஸ், இத்னா ஹி. அம்புட்டுத்தான்."

"எத்தனை பல்பு எரியும்?"

"மூணு. நாலாவது வேணும்னா நீங்க எறங்கி ஊதுங்க, சார்."

சோதனையாக முப்பது நாள் விடாமல் ஓடினால் இதே போல் பத்து உருளை வரும், கேத்தரினுக்கு நிரந்தர வேலையும் வரும். நடுவில் நின்றால் பூரி கப்பலேறி மெயின்லேண்ட் போய்விடும். காலையில் பத்து நிமிஷம் மட்டும் ஸ்விட்சை அணைத்துச் சோதிக்கலாம். நாளொன்றுக்குப் பதினாலாயிரம் அலை. பதினோராம் நாள் ஒரு பொடி ஓட்டை விழுந்தது. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, சைக்கிள் ட்யூபில் வெட்டிய சிவப்பு ஒட்டு ஒன்றைப் போட்டாள். திவ்யா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் தரையில் கால் படாமல்தான் நடந்தாள் கேத்தரின்.

இருபத்தொன்பதாம் நாள் காலை, கன்னம் அந்த ஒட்டின் ஓரத்தில் நின்றுவிட்டது. காற்று கசியவில்லை. ஆனால் ரப்பர் அங்கே வெங்காயச் சருகாய் மெலிந்திருந்தது.

"ஏ பிள்ள, ஸ்விட்சப் போடாத."

"மீட்டர்ல எல்லாம் சரியாத்தானே இருக்குக்கா?"

"மீட்டருக்கு என்ன தெரியும்? ரப்பர் நீளுது, என் ஒட்டு நீளல. ஓரத்த அறுத்துட்டே வருது. நான் போட்டதுதான் தப்பு."

"ஒரே ஒரு நாள்க்கா. தாங்காதா?"

"தாங்கும்னு சொல்ல எனக்கும் ஆசதான்." கேத்தரின் கடலைப் பார்த்தாள். "கரண்டோட கிழிஞ்சா அத்தன அடுக்கும் பொசுங்கிரும். ரப்பரே லாயக்கில்லன்னு சென்னைக்காரனுவ எழுதிட்டுப் போயிருவானுவ. பாவம், அது என்ன செஞ்சிச்சு?"

திவ்யா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம் முடிய இன்னும் ஒரு நிமிஷம். அவள் விரல் ஸ்விட்சின் மேலேயே இருந்தது.

கேத்தரின் பிளேடை எடுத்தாள். ரப்பர் அமுங்கும் நேரம் பார்த்து, ஒட்டோடு சேர்த்து ஒரு துண்டைச் சதுரமாக வெட்டி எடுத்தாள். அடுத்த அலைக்குக் காற்று புஸ்ஸென்று வெளியே போனது. பிறகு திவ்யாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, அந்தச் சிவப்பு ஒட்டின் மேல் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி, மை காய்ந்ததும் அவள் கையில் வைத்தாள். "சென்னைக்கு இதையும் அனுப்பு, ரப்பர் மேல தப்பில்லன்னு தெரியட்டும்."